தறிக்குழியில் ஓர் ஆளுயர மெழுகுவர்த்தி

"உங்க ஆரணிப் பக்கந்தானே சேவூரு? அங்க ஒரு பொம்பள தறிக்குழியில விழுந்து கெடந்தாங்களாம். ரெண்டு ஆளு நெய்யற பொடவய ஒத்த ஆளா நெய்யறாங்களாம். அது பத்தாதுன்னு பரீட்சைக்கு வேற படிக்கிறாங்களாம். மொதல்ல மூச்சே இல்லன்னுதான் நெனச்சாங்களாம்."

லிமெரிக்கில் பொன்னி அரிசி கிடைக்கிற கடையில் வைத்து, இங்கே எனக்குப் பழக்கமான வெற்றிச்செல்வன் இதைச் சொன்னார். அவருடைய மச்சினி ஆரணியில் வாழ்க்கைப்பட்டவர். டவுன் பஸ்ஸில் யாரோ பேசியதை அந்த அம்மா கேட்டு, தன் அக்காவிடம் சொல்லி, அக்கா புருஷனிடம் சொல்லி, அயர்லாந்து வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது செய்தி. பெயரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சேவூரில் தறியும் பரீட்சையும் ஒன்றாக வைத்திருக்கிற பெண் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். என் பெரியம்மா மகள் சகாயமேரி.

அரிசி மூட்டையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து போன் போட்டேன்.

"இன்னாடா ஸ்டீவு, இந்நேரத்துல? வேல இல்லியா ஒனக்கு?"

குரல் தெளிவாக இருந்தது. பின்னால் தறிச் சத்தம் இல்லை. அதுதான் எனக்கு உதைத்தது.

"குழியில விழுந்துட்டியாமே?"

"எவன் சொன்னான்?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னா? அயர்லாந்தே இத பேசிகினு கீதா?" சிரித்தாள். "மெழுகுவர்த்தி வளஞ்சிட்டுதான்னு பாக்கக் குழியில எறங்கினேன்டா. குனிஞ்சி பாத்தேன். பக்கத்து ஊட்டு காசியம்மா வந்துச்சி. அதுக்கு என் முதுகு மட்டுந்தான் தெரிஞ்சிது. கத்தி ஊரக் கூட்டிடுச்சி. இவ்ளோதான் கத."

மெழுகுவர்த்தி கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். மேரி அக்கா தேர்வு எழுதி முடித்தால் மாதா கோயிலில் அவள் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அவள் வீட்டுக்காரர் சாலமோன் மாமா வேண்டிக்கொண்டிருந்தார். அவளைச் சுவரோரமாக நிற்க வைத்து, கழிவுப் பட்டு நூல் ஒன்றைக் குதிகாலில் இருந்து உச்சந்தலை வரைக்கும் பிடித்து அளந்தார். அந்த நூலைக் கொண்டுபோய்க் கொடுத்து மெழுகுவர்த்தி செய்து வாங்கி வந்தார். வாங்கியது மே மாதம். ஆரணி வெயிலில், சிமெண்டு ஷீட்டுக்குக் கீழே, சுவரில் சாய்த்து வைத்த மெழுகுவர்த்தி ரெண்டே நாளில் கூன் விழுந்து நின்றது. "என் பொண்டாட்டி என்னா கூனியா?" என்று மாமா பதறிப்போய், வெந்நீர்த் துணியால் ஒத்தி ஒத்தி நிமிர்த்தி, வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் எது என்று யோசித்து, பிளாஸ்டிக் குழாயில் போட்டுத் தறிக்குழியில் படுக்க வைத்துவிட்டார். அதுமுதல் அக்கா தன் உயர மெழுகுவர்த்திக்கு மேலே காலைத் தொங்கவிட்டுக்கொண்டு மிதி மிதித்தாள்.

ஆகவே அவள் சொன்ன காரணத்தை நம்பலாம்தான். ஆனாலும் மாமாவுக்கும் ஒரு போன் போட்டேன். அவர் ரைஸ் மில்லில் மினி லாரி ஓட்டுகிறவர்.

"மெழுகுவர்த்தியப் பாக்க எறங்கினது நெஜம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எறங்கினவ ஏறல மாப்ள. தல சுத்திடுச்சி. காலையில இருந்து டீ மட்டுந்தான். நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாத."

மேரி அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் தேறாமல் போனவள். அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. வீட்டில் தறி இருந்தது, உட்கார்ந்தாள். நன்றாகவே நெய்தாள். அவள் கை கோர்வைக்குப் பேர் போனது. கோர்வைப் புடவை என்றால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் தனித்தனி நாடாவில், அதாவது நூல் சுற்றிய ஓடக்கட்டையில், ஓடி, ஒவ்வொரு இழைக்கும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். தறியில் உட்கார்ந்தவர் உடலையும் வலது கரையையும் பார்த்துக்கொள்வார். இடது கரைக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடாவை வாங்கித் திருப்பித் தருவார். ஒருவர் மட்டும் நெய்வதில்லை.

போன வருஷம் அவர்கள் தெரு அங்கன்வாடியில் ஆள் இல்லாத ஒரு வாரம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வாரத்துக்குப் பிறகு அவள் ஒரு மாதிரி ஆகிவிட்டாள்.

"இத்தினி வருசமா காலக் குழியில தொங்கவிட்டுகினு கீறேன் ஸ்டீவு. அந்த ஒரு வாரம் தரையில கால ஊணி நின்னேன். எனக்கு அது வேணும்."

அந்த வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். அதற்கு ஒரு வயது வரம்பு உண்டு. அக்காவுக்கு இந்த வருஷம் தப்பினால் அடுத்த வருஷம் கிடையாது. பாக்கி ஆங்கிலம் ஒன்றுதான். தனித்தேர்வராகப் பணம் கட்டினாள். எனக்கு வாட்ஸப்பில் கேள்விகள் வர ஆரம்பித்தன. இலக்கணம் சுலபமாக வந்தது. இழையை எண்ணிப் பழகியவளுக்கு அது ஒரு கணக்குதான். மரபுத்தொடர்தான் அவளைப் படுத்தியது. "ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் சம்மந்தமே இல்லாம அர்த்தம் சொல்றான். வெள்ளக்காரன் பேஜாரு புடிச்சவன்டா."

அந்த நேரத்தில்தான் இடது கரைக்கு உட்காரும் சூர்யகலா, காசியம்மாளின் மருமகள், பிரசவத்துக்குத் தேவிகாபுரத்தில் தாய் வீட்டுக்குப் போனாள். தறியில் ஏறியிருந்தது கல்யாணப் புடவை. பாவும் பட்டும் கொடுத்திருந்த முதலாளி பலராமன் முடித்துக் கொடுக்க நாள் குறித்திருந்தார். வேறு ஆள் கிடைக்கவில்லை. அக்கா பலகையில் வலதுக்கும் இடதுக்குமாக நகர்ந்து நகர்ந்து இரண்டு கரையையும் தானே போட ஆரம்பித்தாள். படிக்க நேரம் இல்லாமல் போனதால், மரபுத்தொடர் பக்கத்தைக் கிழித்துத் தறியின் மேல்சட்டத்தில் ஊசி குத்தி மாட்டிக்கொண்டாள். கை ஓடும், கண் படிக்கும்.

நான் போன் போட்ட மறுநாள் அவளே கூப்பிட்டாள். குரலில் முந்தின நாள் சிரிப்பு இல்லை.

"ஒண்ணு காட்றேன், பாரு."

வீடியோவில் மாம்பழ மஞ்சள் உடலும் அரக்குக் கரையும் தெரிந்தன. நடுவே அவளுடைய ஆள்காட்டி விரல் நுழைந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. இடது கரை உடலை விட்டுப் பிரிந்திருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"கோக்காமயே ஓட்டிகினு போயிருக்கேன். படிச்சிகினே. நானு! என் கையில இருந்து இப்பிடி ஒண்ணு வந்ததே இல்லடா."

"இப்ப என்ன பண்றது?"

"பிரிக்கிறதுதான். இழை இழையா பிரிச்சி மறுபடி நெய்யணும். அது கெடக்கட்டும். எந்த வரியப் படிக்கும்போது இது ஆச்சின்னு தேடிப் பாத்தேன். இதான்." கிழித்த பக்கத்தைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பர்னிங் த கேண்டில் அட் போத் எண்ட்ஸ். இதுக்கு இன்னா அர்த்தம்?"

சொன்னேன். மெழுகுவர்த்தியை இரண்டு முனையிலும் கொளுத்துவது. விடியுமுன் எழுந்து, ராத்திரியும் கண் விழித்து, உடம்பு தாங்காத அளவுக்கு ஒருவர் வேலை செய்தால் அப்படிச் சொல்வார்கள்.

"என்னயா சொல்றான்?"

"ஒன்னத்தான்."

அவள் அதை உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அதெப்பிடி கொளுத்துவான்? நிக்க வெச்சா அடிப்பக்கம் எரியாது. தலகீழா வெச்சா கையில சொட்டும்."

பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. ஆளுயர மெழுகுவர்த்தி வாங்கியதில் இருந்து அந்த விஷயத்தில் தன்னைக் கேட்காமல் யாரும் பேசக்கூடாது என்பது அவர் எண்ணம். "அடிப்பக்கம் திரியே வெளிய இருக்காது. சொரண்டி எடுக்கணும். படுக்க வெச்சித்தான் கொளுத்தணும். மாப்ள, இத எவன் மொதல்ல சொன்னான்?"

அது எனக்கும் தெரியாது. மறுநாள் வரைக்கும் அவகாசம் வாங்கிக்கொண்டு தேடிப் படித்தேன். தேடியதில் பாதி அவளுக்காக, பாதி என் பதற்றத்துக்காக. இங்கே இருந்துகொண்டு எனக்குச் செய்ய முடிந்தது வேறொன்றும் இல்லை.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருவரையும் ஒன்றாக வைத்துச் சொன்னேன். இது ஆங்கிலேயர்கள் தாங்களாக உண்டாக்கியது அல்ல, பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து வாங்கியது. வந்து நானூறு வருஷம் ஆகிறது. அப்போது இதற்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. மெழுகுவர்த்தி விலை கூடின பொருள். ஒரு முனையில் எரிந்தாலே செலவு. இரண்டு முனையிலும் கொளுத்துகிறவன் ஊதாரி. அவ்வளவுதான் முதல் அர்த்தம். உழைத்து உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்வது என்கிற அர்த்தம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. காசு போய் உடம்பு வந்தது.

"இன்னொண்ணும் கெடச்சிது. பழைய இங்கிலீசு அகராதி ஒண்ணுல, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமே ஊதாரியா இருந்தா இப்பிடிச் சொல்லுவாங்கன்னு போட்டிருக்கான். ஆளுக்கு ஒரு முனை."

"கேட்டியா?" என்றார் மாமா. "ஒன்ன மட்டும் சொல்லல. என்னயும் சேத்துத்தான் திட்டிருக்கான்."

"நீ என்னாத்த செலவழிச்ச? ஒரு மெழுகுவர்த்தி வாங்கின, அதயும் கூனாக்கின."

"நிமுத்தினனா இல்லியா?"

பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆனால் அக்காவுக்கு எதையும் கையால் தொட்டுப் பார்த்தால்தான் ஆறும். கரண்ட் போனால் கொளுத்துகிற சின்ன மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்து வந்தாள். அடிப்பக்கத்தைப் பிளேடால் சுரண்டித் திரியை வெளியே எடுத்தாள். சாக்குத் தைக்கிற கோணி ஊசியை மாமா அடுப்பில் காய்ச்சி, மெழுகுவர்த்தியின் நட்டநடுவில் குறுக்காகச் செருகினார். கவிழ்த்து வைத்த இரண்டு டம்ளர்களுக்கு நடுவே ஊசி தாங்க அது படுத்துக்கொண்டது. இரண்டு முனையிலும் நெருப்பு வைத்தார்கள். போனைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து என்னையும் பார்க்க விட்டார்கள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு முனையில் இருந்து மெழுகு சொட்டியது. அந்தப் பக்கம் எடை குறைந்து மேலே எழும்பியது. இறங்கின பக்கம் சாய்ந்து எரிந்து வேகமாகச் சொட்டியது, அது எழும்பியது. பூங்காவில் பிள்ளைகள் ஆடுகிற ஏற்றப்பலகை மாதிரி மெழுகுவர்த்தி ஆட ஆரம்பித்தது. மாமா கை தட்டினார். யாரும் தள்ளாமலே அது மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருந்தது.

அக்கா முட்டியைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள்.

"ஒரு நிமிசம் நிக்கல பாரு" என்றாள்.

நான் பார்த்ததெல்லாம் அவள் முகத்தைத்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. மெழுகுவர்த்தி பாதிகூட இல்லாமல் போய், ஒரு பக்கம் அணைந்து, அந்தப் பக்கமே கனத்துக் கீழே சரிந்து டம்ளரில் இடித்து நின்றது. தரையெல்லாம் மெழுகு.

"அழகாத்தான் ஆடிச்சி. ஆனா ஜல்தியா பூட்டுது" என்றாள். நகத்தால் தரையைச் சுரண்டினாள். சுரண்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "அந்த அகராதிக்காரன் சொன்னது சரிதான். ரெண்டு முனைக்கு ரெண்டு ஆளு வேணும். நீ எந்திரி."

"யாரு, நானா? எங்க?"

"எடது பக்கம். மில்லுல இருந்து வந்ததும் ஒக்காரு. நாடாவ வாங்கு, குடு. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

"அடி, நெல்லு மூட்ட தூக்கற கை இது. பட்டு இழுபடும்."

"பவுடர் போட்டுக்க."

அன்றிலிருந்து என் அத்தனை வருஷப் பழக்கத்தில் கேட்டிராத சண்டைகளைப் போனில் கேட்டேன். மாமா குட்டிக்கூரா பவுடரை இரண்டு கையிலும் அப்பிக்கொண்டு உட்காருவார். அக்கா மிதிப்பாள். "வாங்கு. குடு. குடுன்னா குடு! லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி யோசிக்காத." "ஏய், இழை மாட்டிகிச்சி!" "அறுத்துடாத, நான் வரேன்." மாமாவின் தும்மல். பவுடர் வாசனையில் அவருக்குத் தும்மல் வரும். தும்முவதற்கு முன்னால் நாடாவைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம்.

அவள் இன்னும் ஒரு சட்டம் போட்டாள். தறியில் உட்கார்ந்தால் புத்தகம் கிடையாது, போன் கிடையாது. புத்தகத்தில் உட்கார்ந்தால் தறி கிடையாது. சாப்பாட்டு வேளையில் சாப்பாடு மட்டும். மேல்சட்டத்தில் குத்தியிருந்த பக்கத்தைப் பிடுங்கிப் புத்தகத்துக்குள் வைத்தாள். பிரிந்த ஒரு சாண் நீளத்தை இழை இழையாகப் பிரித்துத் திரும்ப நெய்தாள். இப்போது அந்த இடம் எது என்று அவளாலேயே காட்ட முடியவில்லை என்றாள். நான் நம்பவில்லை. அவளுக்குத் தெரியும்.

பலராமன் வந்தது தேர்வுக்குச் சில நாள் முன்னால். பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமலே பேசினாராம்.

"இன்னா மேரிம்மா, பொடவ எதுவர வந்துகினு கீது?"

"முந்தியில கீதுங்க."

"வெள்ளிக்கெழம சாயந்திரம் பொண்ணு வீட்டுக்காரங்க வராங்க. கையில குடுத்தாகணும்."

"வெள்ளிக்கெழம காலையில எனக்குப் பரீட்சங்க."

"அப்ப நாள மாத்தச் சொல்லு உங்க கவர்மெண்டுகிட்ட. முகூர்த்தத்த நான் மாத்த முடியாது."

"யாரும் எதையும் மாத்த வேணாம். காலையில பரீட்ச. சாயந்திரம் பொடவ. நடுவுல என்ன யாரும் கூப்புடாதீங்க. நீங்களும்."

"அன்னிக்கி மாதிரி மயக்கம் போட்டு விழுந்தா?"

"விழுந்தா குழியிலதாங்க விழுவேன். உங்க பொடவ மேல விழமாட்டேன்."

இதை எனக்கு அவள் சொல்லிக் காட்டியபோது பலராமனின் குரலையும் சேர்த்துப் பேசினாள். அவர் பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டு, கிளம்பாமல் நின்று, "என் சின்னப் பொண்ணும் இங்கிலீசுலதான் போச்சி. நீயாவது எழுது" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"ஒரு நாள் மட்டும் ரெண்டு பக்கமும் எரியட்டும்டா" என்றாள் அக்கா. "ஒரு நாளுக்கு மெழுகு கீது. நான் பாத்துகினேன்."

"சாப்பிட்டுட்டுப் போ."

"போவேன்."

"முடிஞ்சதும் கூப்புடறேன்."

"கூப்புடு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. நான் போன எடுத்துட்டன்னு வெச்சிக்க, சரியா எழுதல, கேட்டுக்கு வெளிய உக்காந்துகினு கீறேன்னு அர்த்தம். எடுக்கலன்னா நல்லா எழுதிட்டு நேரா தறிக்குப் பூட்டேன்னு அர்த்தம். ஒங்க மாமாவுக்கும் போடாத. அவரு கையெல்லாம் பவுடரா இருக்கும்."

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் மாமா ஒரு படம் அனுப்பியிருந்தார். தேர்வு மையத்தின் வாசலில் அக்கா நிற்கிறாள். பச்சைப் புடவை, தலையில் கொஞ்சம் கனகாம்பரம், கையில் நுழைவுச்சீட்டு. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறாள், ஏன் என்று தெரியவில்லை. வெறுங்காலை நன்றாக அகட்டித் தரையில் வைத்து நிற்கிறாள். படத்துக்குக் கீழே மாமா குரலில் ஒரே வரி: "இட்லி சாப்ட்டா மாப்ள. நான் பாத்தேன்."

ஆரணியில் பரீட்சை முடிகிற மணி இங்கே வேலைக்குப் போகிற நேரம். பஸ் நிறுத்தத்தில் தூறலில் நிற்கிறேன். கொஞ்ச நேரம் விட்டுக் கூப்பிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சேவூர் பஸ் பிடித்து, வீட்டுக்குள் நுழைந்து, கை கழுவி, பலகையில் ஏறி உட்கார ஆகும் நேரம். அப்படித்தான் விட்டேன். என் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததில் போய்க்கொள்ளலாம்.

போட்டேன். போன் மணி போகிறது.

எடுத்தால் தோற்றுவிட்டாள். எடுக்காவிட்டால் தறியில் இருக்கிறாள். சட்டம் அவள் போட்டது. மயங்கிக் குழிக்குள் கிடந்தாலும் அவள் எடுக்கமாட்டாள் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இட்லி சாப்பிட்டிருக்கிறாள். மாமா பார்த்திருக்கிறார். இடது பக்கம் அவர் உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு அவருக்கும் மில்லில் லீவு.

எடுக்காதே அக்கா.

மணி போய்க்கொண்டிருக்கிறது.